மாலை ஆறரைக்கு வரும் இரைச்சல்: ஸ்ட்ரீமரில் குற்றவாளி மின்வழங்கியா, கடிகாரமா?

1. குடந்தை மேற்கு

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு மேற்கே, ரேழியை ஒட்டிய சிறிய அறை ஒன்றில் என் பாட்டுச் சாதனங்களை வைத்திருக்கிறேன். இணையப் பாட்டை வாங்கி ஓட்டும் ஸ்ட்ரீமராக ராஸ்பெரி பை 3 (சுருக்கமாகப் பை) என்ற சின்னக் கணினி, அதன்மேல் பொருத்திய, எண்களை ஒலி அலையாக மாற்றும் டிஏசி பலகை, இருபது ஆண்டுப் பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர்கள். ஆடம்பரமாக எதுவும் இல்லை. கேட்பது பெரும்பாலும் நாகசுரமும் பழைய வாய்ப்பாட்டுக் கச்சேரிகளும்.

சாதாரண அடாப்டர் அழுக்கான மின்சாரத்தைத் தரும் என்று பல இடங்களில் படித்துவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன் ஒரு லீனியர் மின்வழங்கியை நானே கட்டினேன். 9 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருத்தும் பிரிட்ஜ், 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சர், கடைசியில் 5 வோல்ட்டில் நிலைநிறுத்தும் 7805 ரெகுலேட்டர். அதே வாரத்தில் இரண்டு முனையிலும் உலோகத் தலை வைத்த, உறையிட்ட லேன் வயர் ஒன்றையும் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் போட்டேன்.

பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலை ஆறரை ஆகிவிட்டால் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தம்புரா மட்டும் கேட்க வேண்டிய நேரத்தில் அதன் அடியில் இதுவும் கேட்கிறது. பாட்டை நிறுத்தினாலும் நிற்பதில்லை. சில நாட்களில் பாட்டே ஒரு விநாடி நின்று பிறகு தொடர்கிறது. இரவு பதினோரு மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடுகிறது.

நண்பர் ஒருவர் வந்து கேட்டுவிட்டு, இது ஜிட்டர்தான், அதாவது ஒலி மாதிரிகள் வெளிவரும் நேரத்தில் நடுக்கம்; அந்த நேரத்தைத் தரும் கடிகாரச் சுற்றை மாற்றுங்கள் என்றார். 10 மெகாஹெர்ட்ஸ் வெளிக் கடிகாரம் ஒன்று 38,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

2. திருவையாறு வடகரை

உங்கள் நண்பர் சொன்னது சரியான திசை என்றே எனக்குத் தோன்றுகிறது. எண்ணிம இசையில் எல்லாம் நேரத்தைப் பொறுத்தவை. நொடிக்கு 44,100 முறை எடுத்த மாதிரிகளை அதே இடைவெளியில் திருப்பிக் கொடுக்காவிட்டால் கமகங்களின் ஓரம் மழுங்கிவிடும். என் வீட்டில் வெளிக் கடிகாரம் வைத்து ஓராண்டு ஆகிறது. வைத்த முதல் நாளே வயலினின் வில் தந்தியைத் தொடும் ஓசை தனியாகப் பிரிந்து கேட்டது. லீனியர் மின்வழங்கி ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். அடுத்த படி கடிகாரம்தான்.

3. தஞ்சை ஓம்

குடந்தை ஐயா, பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பாடம் எடுப்பவன். உங்கள் கேள்வியிலேயே பதிலின் பாதி இருக்கிறது.

பாட்டை நிறுத்தினாலும் இரைச்சல் நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிட்டர் என்பது மாதிரி வெளிவர வேண்டிய கணத்துக்கும் வெளிவந்த கணத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தால் உண்டாகும் பிழை, அந்தக் கணத்தில் அலை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ இறங்குகிறதோ அதைப் பொறுத்தது. அலையே இல்லாதபோது, சற்று முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் வருவது பூச்சியம்தான். அடிக்காத தவிலில் காலப்பிரமாணம் தப்பாது. எனவே மௌனத்தில் கேட்பது எதுவாக இருந்தாலும் அது ஜிட்டர் அன்று.

இரண்டாவதாக, ஸ்ட்ரீமரில் கடிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். இணையத்திலிருந்தோ வீட்டு வன்தட்டிலிருந்தோ வரும் பாட்டு, பொட்டலம் பொட்டலமாக வந்து நினைவகத்தில் சேர்கிறது. ஒரு பொட்டலம் தாமதமாக வந்தாலும், வழியில் தவறி மறுபடி கேட்டு வாங்கப்பட்டாலும், நினைவகம் காலியாகாத வரை பாட்டுக்கு அது தெரியாது. நெல் எந்த வண்டியில், எத்தனை மணிக்கு வந்தது என்பது குதிருக்குத் தெரியுமா? மாதிரிகளுக்கு நேரம் பிறப்பது டிஏசி சில்லின் பக்கத்தில் இருந்து சீரான துடிப்பைத் தரும் ஆசிலேட்டரில். அந்த இடம் மட்டும்தான் முக்கியம்.

ராஸ்பெரி பை 3 தானே கடிகாரம் கொடுத்தால் கொஞ்சம் சங்கடம் உண்டு. அதன் கிரிஸ்டல் 19.2 மெகாஹெர்ட்ஸ், அதை 44,100-ஆல் வகுத்தால் முழு எண் வராது. பின்னத்தில் வகுத்து, சில துடிப்புகளைக் குட்டையாகவும் சிலவற்றை நீளமாகவும் விட்டுச் சராசரியைச் சரிக்கட்டும். நல்ல டிஏசி பலகைகள் இதனாலேயே தங்களுக்கென்று இரண்டு ஆசிலேட்டர்களை வைத்துக்கொண்டு, பையைத் தம் தாளத்துக்கு ஆட வைக்கின்றன. உங்கள் பலகையில் சிறிய உலோக மூடி போட்ட சதுரத் துண்டுகள் இருக்கின்றனவா? ஒரு பூதக்கண்ணாடியை வைத்து அவற்றின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

4. மன்னை பம்புசெட்

ஆறரைக்கு வந்து பதினொன்றுக்குப் போகிறது என்றால் அது பாட்டுப் பெட்டியின் நோய் மட்டுமல்ல, கம்பத்தின் நோய். மல்டிமீட்டரை எடுத்து அந்த அறையின் பிளக்கில் காலையில் ஒரு முறை, இரைச்சல் வரும் நேரத்தில் ஒரு முறை வோல்டேஜைப் பார்த்து எழுதுங்கள். கடைசிக் கம்பத்து வீடாக இருந்தால் இன்னும் அவசியம். எங்கள் பக்கத்தில் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பதற்கு முன்பே, போர் போட்டிருப்பவர்கள் குறுவை நாற்றங்காலுக்கு மோட்டாரை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது வீட்டில் டியூப்லைட் மூன்று முறை கண்சிமிட்டித்தான் எரியும். உங்கள் நகரத்தில் மோட்டார் இல்லாவிட்டால் ஏசி இருக்கும்.

5. மயிலாடுதுறை தெற்கு வீதி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். லேன் வயர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கு உள்ளேயும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறதே. அதை மாற்றி விற்கிறார்கள், ஒலி மேம்படும் என்கிறார்கள். தஞ்சை ஐயாவின் குதிர்க் கணக்குப்படி அதற்கும் பயன் இல்லையா?

6. தஞ்சை ஓம்

சுவிட்சில் இருப்பது பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதன் வேலை கம்பியில் தகவல் பொட்டலங்களை அனுப்புவதும் வாங்குவதும். 44,100-க்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை; டிஏசியின் ஆசிலேட்டர் அதைப் பார்ப்பதே இல்லை. அதனால் நேரக் கணக்கில் பயன் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் லேன் வயர் வழியாக நேரம் வராவிட்டாலும் இரைச்சல் வரலாம். சாதாரணமாக லேன் இணைப்பின் இரு முனைகளிலும் பொடி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். அவை 1500 வோல்ட் வரை தாங்கி, இரண்டு கருவிகளையும் மின்சாரத் தொடர்பு இல்லாமல் பிரித்து வைக்கும். உறையிட்ட வயரில், உலோகத் தலைகள் வழியாக அந்த உறையே ஒரு கருவியின் மின்தரையை மற்றதன் மின்தரையோடு கட்டிவிடுகிறது. ரவுட்டரின் இரண்டு முள் அடாப்டருக்குள் இருக்கும் சிறு கண்டென்சர் வழியாகக் கசியும் மின்னோட்டம் இந்தப் பாதையில் டிஏசிக்கு வந்து, ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் உறை வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைத் தேடிப் போகும். அடாப்டரில் போட்ட மடிக்கணினியின் உலோக உடம்பை விரலால் தடவினால் ஒரு கிறுகிறுப்பு தெரியுமே, அதே மின்னோட்டம்தான். உயிருக்கு ஆபத்தில்லை, பாட்டுக்குத் தொல்லை.

குடந்தை ஐயா, உங்கள் முதல் பதிவில் அந்த வயரைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதன்மேல் ஒரு கண் இருக்கிறது.

7. குடந்தை மேற்கு

மூன்று நாட்கள் குறிப்பெடுத்தேன். பொறுமையாக எழுதுகிறேன்.

வோல்டேஜ் காலை ஏழு மணிக்கு 232. மாலை ஏழு மணிக்கு முதல் நாள் 188, இரண்டாம் நாள் 185, மூன்றாம் நாள் 186. இரவு பதினொன்றரைக்கு 226. எங்கள் வீடு தெருவின் கடைசிக்கு முந்தின கம்பம். மன்னைக்காரர் நேரில் வந்து பார்த்ததுபோல் சொல்லிவிட்டார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். டிஏசி பலகையில் இரண்டு மூடிகள், ஒன்றில் 22.5792 என்றும் மற்றதில் 24.576 என்றும் பொடி எழுத்தில் இருக்கிறது. இத்தனை நாள் அவற்றைத் தூசு தட்டியிருக்கிறேனே தவிரப் படித்ததில்லை.

இரைச்சலைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. பகலில் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. பகலில் பாட்டை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை முழுக்கத் திருப்பி, ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தால் மெல்லிய ஓர் உறுமல் கேட்கிறது. மாலை இரைச்சல் அதுவே பெரிதானதாக இருக்கும் என்று எண்ணினேன். தம்புராவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஒரே சுரம், ஆனால் மாலையில் வருவது ஒரு ஸ்தாயி மேலே நிற்கிறது. பெயரன் தன் கைப்பேசியில் ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் ஒரு செயலியைப் போட்டுக் காட்டினான்: பகலில் 50 ஹெர்ட்ஸிலும் 150-இலும் சிறு முட்டுகள், மாலையில் 100-இல் ஒரு கோபுரம், பக்கத்தில் 200, 300.

8. தஞ்சை ஓம்

ஐயா, இதற்கு மேல் யாரும் அழகாக நோய்க்குறி எழுத முடியாது. உங்களிடம் இருப்பது ஒன்றல்ல, இரண்டு இரைச்சல்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. கசிவும் எர்த் சுற்றும் தரும் உறுமல் 50-இல் தொடங்கும். பிரிட்ஜ் வழியாகத் திருத்தப்பட்ட மின்சாரத்தில் மேலரையும் கீழரையும் இரண்டும் பயன்படுவதால், கண்டென்சரின் ஏற்ற இறக்கம் நொடிக்கு 100. அந்த ஒரு ஸ்தாயி வித்தியாசம் தற்செயலானது அன்று. பகல் உறுமல் வெளியிலிருந்து வயர் வழியாக வருவது. மாலைக் கோபுரம் உங்கள் கையால் கட்டிய மின்வழங்கியிலிருந்து வருவது.

கணக்கைப் பார்ப்போம். 230 வோல்ட் இருக்கும்போது 9 வோல்ட் சுற்றின் உச்சம் ஏறக்குறைய 12.7. பிரிட்ஜில் 1.4 போனால் 11.3. பையும் டிஏசியும் சேர்ந்து 0.6 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு உச்சத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, அதாவது நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில், 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 2.7 வோல்ட் வரை வடிந்துவிடும். பள்ளம் 8.6-இல் நிற்கும். 7805-க்கு 5 வோல்ட் வெளியே தர ஏறக்குறைய 7 வோல்ட் உள்ளே வேண்டும். 8.6 இருப்பதால் பகலில் கவலை இல்லை.

மாலையில் 185 வந்ததும் உச்சம் 8.8-ஆகச் சுருங்குகிறது, பள்ளம் 6.1-க்கு இறங்குகிறது. ரெகுலேட்டர் அந்தக் கணத்தில் ரெகுலேட்டராக இல்லை, வெறும் கம்பியாகிவிடுகிறது. வெளியே 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நொடிக்கு நூறு முறை 4.4-க்கு அருகே குழி விழுகிறது. ராஸ்பெரி பை 4.63-க்குக் கீழே போனாலே குறைமின்னழுத்தம் என்று எச்சரிக்கும். திரை மாட்டியிருந்தால் மஞ்சள் மின்னல் குறி ஒன்று தெரியும். திரை இல்லாமல் ஓட்டுவதால் உங்களுக்குத் தெரியவில்லை. பாட்டு ஒரு விநாடி நின்று போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

எத்தனை வோல்ட்டில் இது ஆரம்பிக்கும் என்று போட்டுப் பார்த்தேன். 200-க்குச் சற்று அருகில் வருகிறது. கோவையிலோ சென்னையிலோ 230-க்குக் குறையாத வீட்டில் இருந்துகொண்டு எழுதுகிறவர் இந்தச் சுற்றைத் தாராளமாகச் சிபாரிசு செய்வார். அவர் சொல்வதும் பொய்யில்லை. நீங்கள் கழற்றிப் போட்ட அந்த அடாப்டரின் முதுகில் 100-240 என்று அச்சிட்டிருக்கும். அதற்கு 185 ஒரு பொருட்டே அல்ல.

9. நாகை அலைவாய்

லீனியர் நல்லது, அடாப்டர் கெட்டது என்று மந்திரம்போல் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, எங்கள் பக்கத்தில் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரிலும் சதுர அலை இன்வெர்ட்டரிலும் வீட்டை ஓட்டினோம். லீனியர் மின்வழங்கி வைத்த என் ரேடியோவின் டிரான்ஸ்ஃபார்மர் வண்டுபோல் ரீங்கரித்துச் சூடேறியது. மருமகனின் சாதாரண அடாப்டர் வாய் திறக்கவில்லை. அப்புறம்தான், எந்த மின்சாரத்தில் ஓட்டுகிறோம் என்று பார்க்காமல் மின்வழங்கியைத் தரம் பிரிக்கக் கூடாது என்று தெரிந்தது.

10. திருவையாறு வடகரை

குறைந்த வோல்டேஜ் விளக்கத்தை ஏற்கிறேன். என் வீட்டில் ஸ்டெபிலைசர் இருப்பதால் எனக்கு அது தோன்றவில்லை. ஆனால் இதை வைத்துக் கடிகாரமே தேவையில்லை என்ற முடிவுக்குத் தாவுவது நியாயமா? மௌனத்தில் ஜிட்டர் கேட்காது என்பது சரி. பாட்டில் கேட்கும் அல்லவா? காது கேட்பதை எல்லாம் மீட்டர் காட்டிவிடுமா? அணுக் கடிகாரத்துக்கு நிகரான துல்லியம் உள்ள ஒன்றை மாட்டுவதால் கெடுதல் என்ன?

11. தஞ்சை ஓம்

வடகரை அண்ணா, நியாயமான கேள்வி. கடிகாரம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கடிகாரம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது என்கிறேன். 22.5792 என்பது 44,100-இன் 512 மடங்கு, 24.576 என்பது 48,000-இன் 512 மடங்கு. முழு எண்ணால் வகுத்தால் நேராக வந்து நிற்கும்.

இப்போது 10 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 22.5792-ஐ வரவழைக்க 7056-ஆல் பெருக்கி 3125-ஆல் வகுக்க வேண்டும். இதைச் செய்ய பிஎல்எல் சுற்று ஒன்று இடையில் உட்கார வேண்டும். அது தன் பங்குக்கு நடுக்கம் சேர்க்கும். ஒரு மீட்டர் வயர், இரண்டு முனைகள், ஒரு பெருக்கி எல்லாம் கடந்து வரும் துடிப்பு, சில்லுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் ஆசிலேட்டரின் துடிப்பைவிடச் சுத்தமாக இருப்பது அரிது. பல ஸ்டுடியோக் கருவிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓட வேண்டும் என்றால் பொதுக் கடிகாரம் அவசியம். ரேழியில் ஒரே ஒரு டிஏசி யாரோடு சேர்ந்து ஓடப் போகிறது?

அணுக் கடிகாரத்தின் பெருமை நெடுநேரத் துல்லியம். அது வேறு, துடிப்புக்குத் துடிப்பு நடுங்காமல் இருப்பது வேறு. சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரக் கச்சேரி 0.18 விநாடி முன்னால் முடியும். சுருதியில் 0.09 சென்ட் ஏறும். ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். குடந்தை ஐயா கேட்கும் பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளை எண்ணிமமாக்கியபோது தட்டு ஒரே ஒரு சுற்று வேகமாக ஓடியிருந்தால் 22 சென்ட் போயிருக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அந்தத் தட்டுகளின் பொரியல் சத்தத்தோடுதான் நாம் உயிராகக் கேட்கிறோம்.

நடுக்கத்துக்கு வருவோம். 20 கிலோஹெர்ட்ஸில் முழு அளவில் ஓர் அலை இருந்தால், 16 பிட் எண்ணிம ஒலியின் மிகச் சிறிய படி அளவுக்குப் பிழை வர 243 பிகோவிநாடி (ஏறக்குறைய கால் நானோவிநாடி) நடுக்கம் போதும். இந்த எண்ணைத்தான் விளம்பரங்களில் போட்டு பயமுறுத்துகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் முழு அளவில் எந்தப் பாடகரும் பாடுவதில்லை. 1 கிலோஹெர்ட்ஸில் அதே பிழைக்கு ஏறக்குறைய 4.9 நானோவிநாடி வேண்டும். மனிதக் காது எதை உணர்கிறது என்று 1998-இல் பெஞ்சமினும் கேனனும் செய்த சோதனையில், பயிற்சி பெற்றவர்களுக்கு மிகச் சாதகமான தனிச்சுர ஒலியிலேயே எல்லை 10 நானோவிநாடி அளவில்தான் வந்தது. 2005-இல் ஜப்பானில் ஆஷிஹாராவும் உடன் பணியாற்றியவர்களும் இசையை வைத்துச் செய்த சோதனையில் அது நூற்றுக்கணக்கான நானோவிநாடிக்குப் போனது. ஒழுங்காக வடிவமைத்த டிஏசி பலகை ஒரு நானோவிநாடிக்குக் கீழேயே நிற்கும்.

இவற்றை அளப்பதற்கும் வழி உண்டு. ஜூலியன் டன் வகுத்த ஜே-டெஸ்ட் என்ற சோதனை ஒலியில், 44,100-இல் நான்கில் ஒரு பங்கான 11,025 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று இருக்கும். நடுக்கம் சீரான அலையாக 1 நானோவிநாடி உச்சம் தொட்டால், அந்தச் சுரத்தின் இரு பக்கமும் 89 டெசிபல் கீழே இரண்டு நிழல்கள் முளைக்கும். வடகரை அண்ணாவுக்குப் பிடிக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்வழங்கியில் 100 ஹெர்ட்ஸ் குழி விழுந்தால் அந்த நிழல்கள் சுரத்துக்கு 100 ஹெர்ட்ஸ் தள்ளித் தோன்றும். ஆசிலேட்டரின் மின்சாரத்தில் இருக்கும் இரைச்சல் அதன் துடிப்பை நடுங்க வைப்பது உண்மை. டிஏசியின் ஆதார மின்னழுத்தத்தில் இருக்கும் இரைச்சல் நேராக ஒலியில் கலப்பதும் உண்மை. 7805-இன் சொந்த இரைச்சல் 40 மைக்ரோவோல்ட் அளவு. இதற்கென்றே செய்யப்பட்ட எல்டி3045 போன்ற ரெகுலேட்டரில் 0.8 மைக்ரோவோல்ட். அப்படி ஒன்றை ஆசிலேட்டரின் காலடியில் வைப்பது நல்ல வேலை. 38,000 ரூபாய் ஆகாது, சில நூறு ரூபாயும் ஒரு மணி நேரச் சால்டரிங்கும் ஆகும்.

கெடுதல் என்ன என்று கேட்டீர்கள். கெடுதல் இல்லை. ஆனால் அவருடைய இரைச்சல் போகாது, பணம் போய்விடும்.

12. மன்னை பம்புசெட்

ஒரு எச்சரிக்கை. உறுமல் போக வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயரின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். உறுமல் போகும், உள்ளே ஃபேஸ் உடம்பைத் தொட்டால் ஆளும் போவார்.

எர்த் குழியையும் ஒரு முறை பாருங்கள். கரியும் உப்பும் போட்டுப் பதித்து எத்தனை ஆண்டு ஆயிற்று? நம் வண்டல் மண் ஈரம் இருக்கும்வரை நல்ல எர்த். சித்திரை வைகாசியில் வெடித்துவிட்டால் குழாய்க்கும் மண்ணுக்கும் ஒட்டு இருக்காது. கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். இப்போது, மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வைத்த வீடுகளில் அப்படிச் செய்தால் அது விழுந்துவிடும். தெரிந்த மின்வினைஞரை அழைத்துச் செய்யுங்கள், நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

13. தஞ்சை ஓம்

குடந்தை ஐயாவுக்கு ஒரு யோசனை. டிரான்ஸ்ஃபார்மரை 12 வோல்ட்டாக மாற்றலாம். ஆனால் அப்போது காலையில் 232 வரும்போது ரெகுலேட்டர் 6 வாட் வெப்பத்தைக் கக்கும். பெரிய ஹீட் சிங்க் வேண்டும். நான் அதைச் செய்யமாட்டேன். பையைப் பழைய அடாப்டருக்கே அனுப்பிவிடுங்கள். டிஏசி பலகையில் தனி 5 வோல்ட் வாங்கும் முனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பையிலிருந்து டிஏசிக்கு மின்சாரம் தரும் இணைப்புத் துண்டைக் கழற்றிவிட்டு, நீங்கள் கட்டிய மின்வழங்கியை அதற்கு மட்டும் கொடுங்கள். டிஏசி 0.1 ஆம்பியர் இழுத்தால் அதே கண்டென்சரில் ஏற்ற இறக்கம் அரை வோல்ட்டுக்கும் குறைவு. 185-இல் பள்ளம் 8.4. 170-க்கு இறங்கினாலும் 7.5 இருக்கும். நீங்கள் கட்டியது கெட்ட மின்வழங்கி இல்லை. அதன் தோளில் ஏற்றிய சுமைதான் அதிகம்.

14. குடந்தை மேற்கு

சொன்னபடி செய்தேன். வரிசையாக ஒன்று மாற்றி ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விட்டு.

முதலில் உறையிட்ட லேன் வயரைப் பிடுங்கினேன். பாட்டு நினைவகத்தில் இருந்ததால் சில விநாடிகள் தொடர்ந்து ஓடியது. குதிர் என்றால் என்ன என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அது தீர்ந்து மௌனமானதும் வால்யூமைத் திருப்பிக் காதை வைத்தேன். பகல் உறுமல் இல்லை. ரவுட்டரோடு இலவசமாக வந்த, பிளாஸ்டிக் தலை வைத்த மஞ்சள் வயரைப் போட்டேன். அப்போதும் இல்லை. விலை கொடுத்து வாங்கியதுதான் உறுமியிருக்கிறது.

அடுத்த நாள் பையைப் பழைய அடாப்டருக்கு மாற்றினேன். முதுகில் 100-240 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. டிஏசி பலகையில் தனி முனை இருந்தது. ஒரு நகத்தளவு இணைப்புத் துண்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கை நடுங்கியதால் அது தரையில் விழுந்து, ரேழியின் செங்கல் இடுக்கில் போய்ச் சேர்ந்து, பெயரன் காந்தத்தை வைத்துத் தேடியும் அகப்படவில்லை. இனிப் பழையபடி மாற்ற நினைத்தாலும் முடியாது. நேற்று மாலை ஏழேகாலுக்கு வோல்டேஜ் 184. தெருவில் விளக்குகள் மங்கி நின்றன. நான் தம்புராப் பதிவை மட்டும் போட்டு, வால்யூமை வழக்கத்துக்கு மேலே வைத்து உட்கார்ந்திருந்தேன். செயலியில் 100-இல் ஒன்றும் முளைக்கவில்லை. தந்தியின் ஒலி தேய்ந்து மறையும் கடைசி நூல்வரை கேட்டது. அதற்கப்பால் பக்கத்து வீட்டுக் குக்கர்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பகலில் முன்பு எப்படி இருந்ததோ இப்போதும் பாட்டு அப்படியேதான் இருக்கிறது. மேடை அகலமானது, திரை விலகியது என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. இரைச்சல் போயிற்று, அவ்வளவுதான். எர்த் குழியை மூன்று மாதமாகப் பார்க்கவில்லை; இன்று காலை தண்ணீர் ஊற்றியபோது இரண்டு குடத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டது.

15. திருவையாறு வடகரை

நல்ல செய்தி. நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறைப்பதில் என்ன இருக்கிறது. தஞ்சைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் மகளிடம் சொல்லி, நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொள்ள, அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து வெளிக் கடிகாரத்தைச் சேர்த்தும் எடுத்தும் பத்து முறை போட்டாள். ஆறு முறை சரியாகச் சொன்னேன். பாதிக்கு மேல்தானே?

16. தஞ்சை ஓம்

வெறுமனே ஊகித்தாலே பத்தில் ஆறோ அதற்கு மேலோ சரியாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு 38, அண்ணா. 16 முறை போட்டு 12 சரியாக வந்தால் அது நூற்றுக்கு 4-க்குள் இறங்கும். அப்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். பாராமல் செய்து பார்த்ததற்கு என் வணக்கம். பலர் அதற்கே இணங்கமாட்டார்கள்.

17. திருவையாறு வடகரை

அன்று மகளுக்குக் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது, பாதியில் எழுந்து போய்விட்டாள். 16 முறை முழுதாகச் செய்ய வேண்டும். குடந்தையிலிருந்து பேருந்தில் வந்தால் தூரமில்லை. ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கடிகாரத்தைச் சேர்த்து எடுக்கும் வேலையைச் செய்வீர்களா? உங்கள் காதும் கூட இருக்கும்.

18. குடந்தை மேற்கு

வருகிறேன். மல்டிமீட்டரையும் மஞ்சள் வயரையும் எடுத்து வருகிறேன். நாணயம் உங்களுடையது.